வெயில் நாளில் மாடு, ஆடு, கோழி காட்டும் கோளாறுகள்: அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

வெயில் ஏறியதும் கால்நடை வைத்திருப்பவர்கள் கேட்பது திரும்பத் திரும்ப அதே கேள்விகள்தான். மாடு மூச்சு வாங்குகிறது, பால் இறங்கிவிட்டது, சினை பிடிக்கவில்லை, கோழி தோல்முட்டை இடுகிறது. சோதித்துப் பார்க்கும் வரிசையும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் அதை எழுதி வைக்கிறேன். உங்கள் விலங்கு காட்டும் அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம். அடுத்து வரும் இரண்டு பகுதிகளை மட்டும் எல்லோரும் படித்துவிட்டுப் போங்கள்.

ஹார்மோன் பற்றித் தெரிய வேண்டியது இவ்வளவுதான்

உடம்பில் சூடு ஏறியதும் அட்ரினல் சுரப்பி வேலையைத் தொடங்கிவிடும். அதிலிருந்து வரும் அழுத்த ஹார்மோன்களில் அட்ரினலின் நொடிகளில் வரும், கார்டிசால் சில நிமிடங்களில் வரும். கோழி போன்ற பறவைகளில் கார்டிசாலுக்குப் பதில் கார்டிகோஸ்டிரோன். சேமிப்பில் இருக்கும் சர்க்கரையை இரத்தத்துக்குக் கொண்டுவருவதும், இரத்த அழுத்தம் விழாமல் தாங்குவதும் இவற்றின் வேலை. இந்த உதவி இல்லாவிட்டால் முதல் நாள் வெயிலையே விலங்கு தாங்காது.

சூடு நாள்கணக்கில் நீடித்தால் நிலைமை மாறுகிறது. கார்டிசால் பழைய அளவுக்கே இறங்கும், சில சமயம் அதற்குக் கீழேயும் போகும். தைராய்டு ஹார்மோனும் குறையும். இரண்டுமே உடம்புக்குள் சூட்டை உண்டாக்கும் வேலைகளைத் தூண்டுபவை என்பதால் உடம்பு தானாகவே அவற்றைத் தணித்துக்கொள்கிறது. தீனி குறைவதும் இதே முயற்சியில் சேர்ந்ததுதான். ஆகவே ஹார்மோனை அடக்கப் பார்ப்பதில் பயனில்லை. வெளிச்சூட்டைக் குறைத்து, ஒரு நாளில் சில மணி நேரமாவது உடம்பு ஆற இடம் கொடுக்க வேண்டும். எந்த அறிகுறியைச் சொன்னாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்: ராத்திரி அந்த விலங்கின் உடம்பு குளிர்ந்ததா?

எதற்கும் முன்னால் மூன்று சோதனைகள்

முதலாவது தெர்மாமீட்டர். ஆசனவாயில் வைத்து, விடியும் முன் ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும் பாருங்கள். மாட்டுக்கு 38.5 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும். வெள்ளாடு, செம்மறி ஆடுகளுக்கு 39 முதல் 40 வரை. கோழிக்கு 41 முதல் 42 வரை இயல்பு.

இரண்டாவது மூச்சு எண்ணிக்கை. மாடு நின்றோ படுத்தோ ஓய்வாக இருக்கும்போது விலாப் பக்கம் ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். வளர்ந்த மாட்டுக்கு 40க்குள் இருந்தால் கவலை இல்லை. 60ஐத் தாண்டினால் வெப்ப அயற்சி தொடங்கிவிட்டது.

மூன்றாவது, ஒன்றா, எல்லாமா? கூட்டம் முழுவதும் ஒரே அறிகுறியைக் காட்டினால் சூடுதான் முதல் சந்தேகம். பத்தில் ஒன்று மட்டும் என்றால் நோயை முதலில் சந்தேகப்படுங்கள்.

இந்த மூன்றில் விடியற்கால வெப்பநிலைதான் அதிகம் சொல்லும். மாட்டுக்குப் பிற்பகலில் 39.5ஐத் தாண்டி, விடியும் முன் இயல்புக்கு வந்துவிட்டால் அது சமாளித்துக்கொண்டிருக்கிறது. எல்லா மாடுகளுக்கும் விடியற்காலையிலும் இறங்கவில்லை என்றால் ராத்திரியே போதாமல் போகிறது, கொட்டகையில் மாற்றம் வேண்டும். ஒரே ஒரு மாட்டுக்கு மட்டும் இறங்கவில்லை என்றால் அது காய்ச்சலாக இருக்கலாம், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். காய்ச்சலில் மூளையே உடம்பின் வெப்ப அளவை உயர்த்தி வைக்கிறது. வெயில் சூட்டில் அப்படி இல்லை, உடம்பு வெளியேற்ற முடியாத சூடு உள்ளே தங்குகிறது. அதனால்தான் காய்ச்சல் ஊசி வெயில் சூட்டைக் குறைப்பதில்லை.

அறிகுறி: மூச்சு வாங்குகிறது, எச்சில் வடிகிறது

*மூச்சு 60 முதல் 80 வரை, வாய் மூடியிருக்கிறது என்றால்*

நிழலைப் பாருங்கள். காலையில் நிழல் விழுந்த இடம் பிற்பகலில் வெயிலாகிவிடும், பலர் இதைக் கவனிப்பதில்லை. பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு நேரில் போய், எல்லா மாடும் நிழலுக்குள் இடிக்காமல் நிற்க முடிகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது தண்ணீர். தொட்டிக்குள் கையை விட்டுப் பாருங்கள். வெயிலில் கிடக்கும் குழாய் வழியே வரும் தண்ணீர் கை சுடும் அளவுக்குச் சூடாக இருக்கும். அதிகம் பால் தரும் மாடு வெயில் நாளில் 100 லிட்டருக்கு மேல் குடிக்கும், சூடான தண்ணீரை அவ்வளவு குடிக்காது. இன்னொன்றையும் கவனியுங்கள்: ஒரே ஒரு தொட்டி இருந்து, அதை முரட்டு மாடு ஒன்று மறித்து நின்றால் சாதுவான மாடுகள் தாகத்தோடுதான் நிற்கும். இரண்டாவது தொட்டியைக் கொஞ்சம் தள்ளி வைப்பது மிக மலிவான பழுதுநீக்கம்.

*80 முதல் 120 வரை, எச்சில் நூலாக வடிகிறது என்றால்*

நிழலும் தண்ணீரும் மட்டும் போதாது, நனைக்க வேண்டும். முடியின் மேல் பனிபோல் படிந்து நிற்கும் தெளிப்பு உதவாது, சில சமயம் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். தோல் வரை நனையும்படி ஓரிரு நிமிடம் தண்ணீர் விடுங்கள். பிறகு நிறுத்திவிட்டு மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். காய்ந்ததும் திரும்ப நனையுங்கள். தண்ணீர் ஆவியாகும்போதுதான் சூடு போகிறது, அதனால் விடாமல் நனைத்துக்கொண்டே இருப்பதைவிட நனைத்துக் காயவைப்பதே மேல்.

விசிறி மட்டும் போதுமா என்று கேட்பார்கள். காற்றின் சூடு மாட்டின் தோல் சூட்டைத் தாண்டிவிட்ட நாளில் வெறும் விசிறி சூடான காற்றைத்தான் உடம்பின் மேல் அடிக்கும். அன்றைக்குத் தண்ணீர் கட்டாயம். காற்றில் ஈரப்பதம் மிகுந்த இடத்தில் கொட்டகைக்குள் புகைபோல் நீர்த்தூவல் விடுவது காற்றை இன்னும் ஈரமாக்கிவிடும். அங்கே பெரிய துளிகளாக மாட்டின் மேல் விட்டு, காற்றை வேகமாக ஓடவிட வேண்டும்.

இதெல்லாம் செய்தும் இறங்கவில்லை என்றால் கடைசியாகக் கூரை. தாழ்ந்த தகரக் கூரை பகல் முழுவதும் சூட்டை வாங்கி இரவிலும் கொஞ்ச நேரம் கீழே இறக்கும். வெள்ளைப் பூச்சு முதல் படி. கூரைக்கு அடியில் வெப்பம் தடுக்கும் அடுக்கு இரண்டாவது. கூரையை உயர்த்தி முகட்டில் காற்றுவழி விடுவதுதான் செலவு மிகுந்தது.

*120ஐத் தாண்டினால், வாய் திறந்து நாக்கு வெளியே தொங்கினால், தள்ளாடினால், உடம்பு 41 டிகிரிக்கு மேல் என்றால்*

உடனே மருத்துவரை அழையுங்கள், அவர் வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள். நிற்கும் இடத்திலேயே நிழல் போட்டு, நிறையத் தண்ணீர் ஊற்றி, காற்று அடியுங்கள். தூரத்து நிழலுக்கு நடத்திக் கூட்டிப்போக வேண்டாம், தசை அசைந்தால் இன்னும் சூடு பிறக்கும். மூச்சு வாங்கும் வாய்க்குள் தண்ணீரோ மருந்தோ ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். வெப்பநிலை 39.5க்கு வந்ததும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் கவனித்துக்கொண்டிருங்கள்.

ஒரு எச்சரிக்கை. வேகமாக மூச்சு வாங்கிய மாடு திடீரென மெதுவாக, ஆழமாக, வாய் திறந்து மூச்சுவிடத் தொடங்கினால் ‘தணிந்துவிட்டது’ என்று எண்ணாதீர்கள். கடும் சூட்டின் அடுத்த கட்டத்தில் மூச்சு அப்படித்தான் மாறும். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

எருமைக்கும் பன்றிக்கும் இந்த வரம்புகளுக்குக் காத்திருக்க வேண்டாம். எருமைக்குக் கருத்த தோல், வியர்வைச் சுரப்பியும் குறைவு. பன்றிக்கு வியர்வை ஏறக்குறைய இல்லை. குட்டையில் புரள விடுவதோ நனைப்பதோ அவற்றுக்கு அன்றாடத் தேவை.

அறிகுறி: பால் இறங்கிவிட்டது

இன்றைய பாலை வைத்து இன்றைய வெயிலைத் தேடாதீர்கள். சூட்டின் பாதிப்பு பாலில் தெரிய ஒன்றிரண்டு நாளாகும். முந்தாநாள் எப்படி இருந்தது, அன்றைய ராத்திரி எப்படி இருந்தது என்று பாருங்கள்.

*மடி நிறைந்திருக்கிறது, ஆனால் பால் இறங்கி வரவில்லை என்றால்*

இதற்குச் செலவே இல்லை. பால் கீழே இறங்க ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் வேண்டும். மாடு மிரண்டால் அட்ரினலின் வந்து அதன் வேலையைத் தடுத்துவிடும். சூட்டில் ஏற்கெனவே தவித்துக்கொண்டிருக்கும் மாடு சின்னச் சத்தத்துக்கும் மிரளும். கறக்கும் இடத்தில் அதட்டல், அடி, புது ஆள், நாய் இருக்கின்றனவா என்று பாருங்கள். கறவைக்குக் காத்திருக்கும் இடத்தில் மாடுகளை நெருக்கி நிறுத்தியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். பண்ணையிலேயே அதிகச் சூடான இடம் பெரும்பாலும் அதுதான். விசிறியும் தண்ணீரும் வாங்க ஒரே ஒரு இடத்துக்குத்தான் வசதி இருக்கிறது என்றால் அங்கே வையுங்கள்.

*தீனியும் குறைந்திருக்கிறது என்றால்*

தீவனம் போடும் நேரத்தை மாற்றுங்கள். தின்ற தீனி வயிற்றில் நொதிக்கும்போது சூடு உண்டாகும், அந்தச் சூடு சில மணி நேரம் கழித்து உச்சத்துக்கு வரும். காலை ஒன்பது பத்து மணிக்குப் போட்டால் அது பிற்பகல் வெயிலோடு சேர்ந்துகொள்ளும். பெரும்பங்கைப் பொழுது சாய்ந்த பிறகும், மீதியை விடியும் முன்னும் போடுங்கள். தொட்டியில் புளித்துச் சூடான பழைய தீனியை அள்ளிவிடுங்கள். அப்புறம் உப்புகள். மாட்டின் வியர்வையில் பொட்டாசியம் நிறையப் போகிறது, சோடியமும் குறைகிறது. தாது உப்புக் கலவை எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுக் கூட்டுங்கள்.

*தீனியைச் சமாளித்துவிட்டீர்கள், பால் மட்டும் ஏறவில்லை என்றால்*

இந்த இடத்தில்தான் பலர் தீவனத்துக்கு மேல் தீவனமாக வாங்கிப் பணத்தை இழக்கிறார்கள். வெயிலில் குறையும் பாலில் ஏறக்குறைய பாதிக்குத்தான் தீனிக் குறைவு காரணம். மீதிப் பாதி உடம்புக்குள் நடக்கும் மாற்றம். சாதாரணமாகத் தீனி குறைந்த மாடு தன் கொழுப்பைக் கரைத்துச் சமாளித்து, சர்க்கரையை மடிக்கு விட்டுக்கொடுக்கும். சூட்டில் இருக்கும் மாட்டில் இன்சுலின் கூடி, கொழுப்பு கரைவது தடைபடுகிறது. சர்க்கரையைத் தசையும் மற்ற உறுப்புகளும் எடுத்துக்கொள்கின்றன, பாலின் சர்க்கரைக்கு வேண்டியது மடிக்குக் கிடைப்பதில்லை. தீவனத்தால் இதைச் சரிசெய்ய முடியாது. உடம்பைக் குளிர்விப்பது ஒன்றே வழி. கறவைக்கு முன்னும் பின்னும், அதோடு இரவு படுக்கும் முன்னும் நனைத்துக் காயவையுங்கள்.

*ஒரு மாட்டுக்கு மட்டும், ஒரு காம்பில் மட்டும் குறைந்திருக்கிறது, பாலில் திரி வருகிறது என்றால்*

இது வெயில் அல்ல, மடிநோய். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

அறிகுறி: அசைபோடுவது குறைந்து, சாணம் இளகி, பாலில் கொழுப்பு இறங்கியிருக்கிறது

வயிற்றில் அமிலம் கூடிவிட்டது. மூச்சு வாங்கும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. அதை ஈடுகட்டச் சிறுநீரகம், அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட்டை வெளியே தள்ளுகிறது. உள்ளே போய் அமிலத்தைத் தணிக்க வேண்டிய எச்சிலும் தரையில் வடிந்துவிடுகிறது. போதாததற்கு, மாடு நார்த்தீவனத்தை ஒதுக்கிவிட்டு அடர்தீவனத்தை மட்டும் பொறுக்கித் தின்னும். ‘தீனி எடுக்கவில்லையே’ என்று இன்னும் அடர்தீவனம் போட்டால் நிலைமை மோசமாகும். அடர்தீவனத்தைச் சிறு பங்குகளாகப் பிரியுங்கள், இருப்பதில் நல்ல நார்த்தீவனத்தை வெயில் நாளுக்கு ஒதுக்குங்கள். சமையல் சோடா சேர்ப்பது உதவும், அளவை மருத்துவரிடம் கேளுங்கள். தீனியையே விட்டுவிட்டால், வயிறு உப்பினால் காத்திருக்க வேண்டாம். சில வாரம் கழித்து மாடு நொண்டினாலும் இந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். அமிலமும், சூட்டில் படுக்காமல் மணிக்கணக்கில் நின்றதும் சேர்ந்து குளம்பைக் கெடுக்கும்.

அறிகுறி: பருவம் தெரியவில்லை, சினை பிடிக்கவில்லை

*பருவ அறிகுறியே இல்லை என்றால்*

முதலில் பார்க்கும் நேரத்தை மாற்றுங்கள். வெயில் காலத்தில் சினைப்பருவம் குறுகிவிடும். மாடு கத்துவதும் மற்றதன் மேல் ஏறுவதும் இரவிலும் விடியலிலும் கொஞ்ச நேரம் நடந்து முடிந்துவிடும். பகலில் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. இரவு ஒரு சுற்று, விடியும் முன் ஒரு சுற்று வாருங்கள். முடியாவிட்டால் வால் அடியில் வண்ணம் பூசிவையுங்கள், இரவில் மற்ற மாடு ஏறியிருந்தால் காலையில் அழிந்திருக்கும்.

*நன்றாகக் கவனித்தும் இல்லை என்றால்*

அழுத்த ஹார்மோன்கள் இங்கே நேரடியாகக் குறுக்கே வருகின்றன. மூளையிலிருந்து சினைப்பையை இயக்கும் சமிக்ஞைகளைக் கார்டிசால் மட்டுப்படுத்துகிறது. கருமுட்டை வெளிவரத் தூண்டும் ஹார்மோன் போதிய அளவு எழுவதில்லை. உயிர் பிழைப்பதா, கன்று ஈனுவதா என்ற இடத்தில் உடம்பு முதலாவதைத் தேர்கிறது. அதைக் குறை சொல்ல முடியாது. குளிர்விப்பதைச் சில வாரம் தொடர்ந்து செய்யுங்கள். அதன் பிறகும் பருவம் வராவிட்டால் மருத்துவர் சினைப்பையைச் சோதித்துப் பார்க்கட்டும். ஏற்கெனவே சினையாக இருக்கிறதா என்றும் அப்போதே தெரிந்துவிடும். இது தோன்றும் அளவுக்கு அரிதான விஷயம் இல்லை.

*பருவம் தெரிகிறது, சினை ஊசி போட்டும் நிற்கவில்லை என்றால்*

ஊசி போட்ட நாளில் குளுமையாக வைத்தோமே என்பார்கள். நல்லதுதான், கரு உருவான முதல் சில நாட்கள் சூட்டுக்கு மிக மென்மையானவை. ஆனால் அந்தக் கருமுட்டை பல வாரங்களாக வளர்ந்து வந்தது. ஒரு மாதத்துக்கு முன் அடித்த வெயில்கூட அதைக் கெடுத்திருக்கும். வெயில் தணிந்த பிறகும் ஒன்றரை, இரண்டு மாதம் வரை சினை பிடிப்பது மந்தமாகவே இருப்பதும் இதனால்தான். அந்த இடைவெளியில் மாட்டை மலடு என்று முடிவுகட்டி விற்றுவிடாதீர்கள்.

செலவு வரிசை இப்படி: முதலில் குளிர்விப்பு, ஊசிக்கு முன் பல வாரமும் பின் ஒரு வாரமும். அடுத்து, பருவத்தைக் கண்ணால் தேடாமல் மருத்துவர் ஹார்மோன் கொடுத்து நேரம் குறித்துச் சினை ஊசி போடும் முறை. கடைசியாகக் கரு மாற்றம். அதில் வைப்பது ஏழு நாள் வளர்ந்த கரு, சூட்டுக்கு மென்மையான முதல் நாட்களை அது ஏற்கெனவே கடந்திருக்கும்.

*எல்லா மாட்டுக்கும் ஒரே காளை, ஒன்றுமே நிற்கவில்லை என்றால்*

காளையைச் சோதியுங்கள். காளையில் விந்து உருவாக ஏறக்குறைய 61 நாள் ஆகும். ஒரு வார வெயில் அதன் பிறகு இரண்டு மாதம் வரை விந்தைப் பாதிக்கும், காளை பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். கிடாய்களிலும் இதே கதை, காலம் மட்டும் கொஞ்சம் குறைவு. விந்துப் பரிசோதனை செய்யாமல் பசுக்களுக்கு மருந்து வாங்காதீர்கள்.

அறிகுறி: கன்று சின்னதாக, சோர்வாகப் பிறந்தது; தாயும் எதிர்பார்த்த அளவு கறக்கவில்லை

பால் வற்றிய மாட்டுக்கு நிழல் எதற்கு என்று அதைத்தான் முதலில் வெயிலில் கட்டுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இது. சினையின் கடைசி இரண்டு மாதத்தில்தான் கன்று வேகமாக வளர்கிறது, மடியின் பால் செல்களும் பெருகுகின்றன. அந்த நேரத்துச் சூடு நஞ்சுக்கொடிக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கிறது. கன்று சில நாள் முன்னதாக, எடை குறைந்து பிறக்கிறது. சீம்பாலிலிருந்து நோய் எதிர்ப்புச் சத்தை உறிஞ்சும் திறனும் அதற்குக் குறைவு. தாயின் மடியில் செல்கள் குறைந்து போனதால் அந்த ஈற்று முழுவதும் பால் குறையும்.

பிறந்த பிறகு செய்யக்கூடியது நல்ல சீம்பாலை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் போதுமான அளவு கொடுப்பது. கன்று எழுந்து பால் குடிக்கவில்லை என்றால் அன்றே மருத்துவர் வேண்டும். அடுத்த ஈற்றுக்கு, வற்றிய மாட்டையும் கறவை மாட்டோடு சேர்த்து நிழலிலும் காற்றிலும் வையுங்கள்.

அறிகுறி: ஒன்று மாற்றி ஒன்றாக நோய் வருகிறது

நீடித்த அழுத்தத்தில் நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களின் வேலை மந்தமாகிறது. ஈரமும் சூடும் சேர்ந்த படுக்கையில் கிருமிகளும் பெருகும். அதனால் வெயில் காலத்தில் மடிநோய் கூடுவது வழக்கம். முதலில் படுக்கையை உலர வையுங்கள். நனைக்கும் தண்ணீர் மடி வழியே வடிந்து படுக்கைக்குப் போகாதபடி, நனைக்கும் இடத்தைத் தனியாக வையுங்கள். வழக்கமான தடுப்பூசியைக் கடும் வெயில் வாரத்திலிருந்து தள்ளிப்போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சுற்றுவட்டாரத்தில் நோய் பரவிக்கொண்டிருந்தால் மட்டும் தள்ளிப்போடக் கூடாது.

அறிகுறி: பிடித்துக் கட்டிய பிறகோ வண்டியில் ஏற்றிய பிறகோ விழுந்துவிட்டது

சூட்டின் மேல் பயமும் சேர்ந்துவிட்டது. கொம்பு சுடுவது, குளம்பு வெட்டுவது, எடை போடுவது, இடம் மாற்றுவது எல்லாமே அட்ரினலினையும் கார்டிசாலையும் தனியாக ஏற்றிவிடும். தசை துடிக்கும்போது சூடும் பிறக்கும். விழுந்த விலங்குக்கு மேலே சொன்ன 41 டிகிரி நடைமுறைதான்.

இந்த வேலைகளுக்கு மாலை நேரத்தைத் தேர்வது பொதுவான வழக்கம், அதை மாற்ற வேண்டும். மாட்டின் உடல் சூடு வெளிச்சூட்டின் உச்சத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் உச்சத்தைத் தொடும், பிறகு இறங்கவும் நெடுநேரம் ஆகும். நமக்குக் குளுமையாகத் தோன்றும் சாயங்காலத்தில் மாடு உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருக்கலாம். விடியும் முன் தொடங்கி வெயில் ஏறும் முன் முடியுங்கள். ராத்திரியும் புழுக்கமாக இருந்திருந்தால் அன்றைக்கு வேண்டாம்.

அறிகுறி: கோழி சிறகை விரித்து மூச்சு வாங்குகிறது, முட்டை ஓடு மெலிகிறது, பிற்பகலில் சாவு

கோழிக்கு வியர்வை இல்லை, கடும் சூட்டில் மூச்சுதான் முக்கிய வழி.

*மூச்சு வாங்குகிறது, சாவு இல்லை என்றால்*

தண்ணீர்க் குழாயைத் திறந்து, உள்ளே தங்கிச் சூடான தண்ணீரை வெளியே விட்டுப் புதுத் தண்ணீரை ஓடவிடுங்கள். வெயில் உச்சத்துக்கு நான்கிலிருந்து ஆறு மணி நேரம் முன்பே தீவனத்தை எடுத்துவிடுங்கள். காலியான வயிற்றுக் கோழி சூட்டை அதிகம் தாங்கும். தீவனத்தை அதிகாலையிலும் இரவிலும் கொடுங்கள். இறைச்சிக் கோழிகள் நெருங்கி உட்கார்ந்திருந்தால் அடியில் சூடு தேங்கும். நடுவே மெதுவாக நடந்து எழுப்பிவிடுங்கள், ஆனால் விரட்டாதீர்கள். அந்த நேரத்தில் பிடிப்பதும் எடை போடுவதும் கூடாது, கார்டிகோஸ்டிரோன் இன்னும் ஏறும்.

*ஓடு மெலிகிறது, தோல்முட்டை வருகிறது என்றால்*

உடனே தீவனத்தில் சுண்ணாம்பைக் கூட்டுகிறார்கள். அதுவும் தேவைதான், தீனி குறைந்தால் சுண்ணாம்புச் சத்தும் குறையும். ஆனால் மூச்சு வாங்கும் கோழி கரியமில வாயுவை இழக்கிறது. ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் அதிலிருந்துதான் வருகிறது. இரத்தம் காரத்தன்மைக்குப் போய், பயன்படும் கால்சியமும் குறைகிறது. ஆகவே முதலில் காற்றோட்டம். அப்புறம் பெரிய துகளாக உள்ள சுண்ணாம்பை மாலையில் கொடுங்கள், ஓடு உருவாவது இரவில்தான். தண்ணீரில் கலக்கும் உப்புகளுக்கு மருத்துவரிடம் அளவு கேளுங்கள். வெயில் தணிந்த பிறகும் ஓடு சரியாகவில்லை என்றால் நோயைச் சந்தேகப்பட வேண்டும்.

*சாவு இருக்கிறது என்றால்*

எப்போது, எது சாகிறது என்று பாருங்கள். பிற்பகலிலும் முன்னிரவிலும், நன்றாக வளர்ந்த கனமான கோழிகளாக இருந்தால் சூடு. உடம்பு 45 டிகிரியைத் தாண்டிய கோழி பிழைப்பது கடினம். உடனே காற்றின் வேகத்தைக் கூட்டி, கூரையையும் கோழிகளையும் நனையுங்கள். நேரம் பார்க்காமல் சாவு தொடர்ந்தால், கழிச்சல், முக வீக்கம், கழுத்துத் திருகல் இருந்தால், வெயில் என்று நினைத்து ஒரு நாளையும் வீணாக்காதீர்கள். கால்நடைத் துறைக்குத் தெரிவியுங்கள், செத்ததை வெளியே எடுத்துப் போகவும் வேண்டாம்.

அறிகுறி: கார்டிசால் சோதனை ஒன்று சொல்கிறது, விலங்கு வேறு காட்டுகிறது

*கூடுதலாக வந்திருக்கிறது என்றால்*

எப்படி இரத்தம் எடுத்தார்கள் என்று கேளுங்கள். பிடித்துக் கட்டிச் சில நிமிடங்களுக்குள்ளேயே கார்டிசால் ஏறத் தொடங்கும். பத்து நிமிடம் போராடிக் கட்டிய மாட்டின் இரத்தம் அந்தப் போராட்டத்தைத்தான் காட்டும். நாளின் நேரத்தைப் பொறுத்தும் அளவு மாறும்.

*இயல்பாக வந்திருக்கிறது, மாடோ தவிக்கிறது என்றால்*

மாட்டை நம்புங்கள். வாரக்கணக்கில் சூட்டில் இருக்கும் விலங்கில் கார்டிசால் இறங்கியிருப்பது வழக்கம் என்று மேலே சொன்னேன். மூச்சு எண்ணிக்கையும் விடியற்கால வெப்பநிலையும் செலவில்லாமல் இதைவிட உறுதியாகச் சொல்லும்.

இன்னொரு பக்கம், யாராவது டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு ஊசியை வெயிலுக்குப் போடச் சொன்னால் நீங்களாக ஒருபோதும் போடாதீர்கள். அது கார்டிசாலின் வேலையையே இன்னும் பலமாகச் செய்யும் மருந்து. நோய் எதிர்ப்பை அடக்கும், பாலைக் குறைக்கும், கடைசி மாதங்களில் இருக்கும் சினை மாட்டை முன்கூட்டியே கன்று போட வைத்துவிடும். வேண்டுமா வேண்டாமா என்பது மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டியது.

*நீண்ட நாள் நிலை உண்மையிலேயே தெரிய வேண்டும் என்றால்*

மாதிரியை மாற்றச் சொல்லுங்கள். சாணத்தில் காணும் கழிவுப்பொருள், மாட்டில் ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு முந்தைய கார்டிசாலைச் சொல்லும், விலங்கைப் பிடிக்கவும் வேண்டாம். கோழியில் இரண்டு வகை வெள்ளணுக்களுக்கு இடையிலான விகிதம் கார்டிகோஸ்டிரோனைவிட நீண்ட அழுத்தத்தை நன்றாகக் காட்டும். பல வாரங்களின் கணக்கு வேண்டுமானால் முடி மாதிரி. வெயில் தொடங்கும் முன் ஓரிடத்தில் முடியை மழித்துவிட்டு, அதே இடத்தில் புதிதாக முளைத்ததை வெட்டி அனுப்புங்கள். சாணமும் சிறுநீரும் படாத இடமாகத் தேர்ந்தெடுங்கள்.